மழைக்கு முன் வீட்டு வேலை: கொத்தனார், பெயிண்டர், தோட்ட ஆட்களை அமர்த்தும் முறை

பழைய வீட்டைப் பராமரிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கெடு உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிட்டால் டிசம்பர் முடியும்வரை மொட்டை மாடியில் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது. அதற்குள் தளத்தின் விரிசலை அடைக்க வேண்டும், மழைநீர்க் குழாயைச் சீராக்க வேண்டும், கொல்லையில் மண்டிய புதரை அகற்ற வேண்டும். இந்த அவசரத்தில் முதலில் கிடைத்த ஆளிடம் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறவர்கள் பலர்.

நானும் அப்படிக் கொடுத்தவன்தான். ஒரு செப்டம்பரில், மாடித் தளத்தைப் புதுப்பிப்பதற்காக ஓர் ஒப்பந்தக்காரரிடம் பேசிய தொகையில் பாதிக்கு மேல் முன்னதாகவே தந்துவிட்டேன். மாடித் தளத்தின் மேல் பதித்திருந்த தட்டையான சுட்ட ஓடுகளான பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் போட்ட பிறகு அவருக்கு வேறிடத்தில் பெரிய வேலை வந்தது. நான்கு நாள் ஆட்கள் வரவில்லை, ஐந்தாம் நாள் மழை வந்தது, திறந்து கிடந்த தளத்தின் வழியே இறங்கிய நீர் கூடத்தின் மேற்கூரை முழுவதும் கறையாகப் படிந்தது. அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர் என்று இன்றும் நம்புகிறேன். எந்தத் தேதிக்குள் எந்த வேலை முடிய வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் என்பதை நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளாமல் தொடங்கியிருந்தோம்.

எந்த வேலைக்கு எந்த மாதம்

தளத்து வேலைக்குச் சித்திரை, வைகாசி மாதங்களே ஏற்றவை, ஏனெனில் கான்கிரீட்டுக்குள் தங்கிய ஈரம் அப்போதுதான் முழுவதும் காய்ந்திருக்கும். புது வீட்டு வேலையை ஆடியில் தொடங்கப் பலர் விரும்புவதில்லை என்பதால், பழுதுபார்க்கும் வேலைக்கு நல்ல கொத்தனார்கள் அந்த மாதத்தில் ஓரளவு எளிதாகக் கிடைப்பார்கள். வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவதை மழை முடிந்து சுவர் உலர்ந்த மாசி, பங்குனிக்குத் தள்ளிவைப்பது நல்லது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் பெயிண்டர்களுக்கு ஓய்வே இருக்காது. ஈரச் சுவரில் அவசரமாகப் பூசிய வண்ணம் அடுத்த ஆண்டே செதில் செதிலாக உரியும்.

ஆளைத் தேடுவது

நல்ல ஆள் வேண்டுமென்றால் முதலில் அருகிலுள்ள ஹார்டுவேர் கடையிலும் பெயிண்ட் கடையிலும் விசாரியுங்கள். யார் பொருளை அளவறிந்து வாங்குகிறார்கள், யார் கணக்கை நேர் செய்கிறார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரர் பரிந்துரைப்பவருக்கும் கடைக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, தெருவில் அண்மையில் வேலை நடந்த இரண்டு மூன்று வீடுகளிலும் கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது போன வாரம் முடிந்த வேலையைப் பார்ப்பதில் பெரிய பயனில்லை, புதுப் பூச்சு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். குறைந்தது ஒரு மழைக்காலத்தைத் தாங்கி நின்ற வேலையைக் காட்டச் சொல்லுங்கள். மாடியின் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும், மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிய இடத்தையும், குளியலறைக்கு வெளிப்புறச் சுவரையும் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் தொடங்கும், அங்கே கறையில்லை என்றால் அந்தக் கொத்தனாரிடம் பேசலாம். முடிந்தால் அந்த வீட்டுக்காரரிடம், சொன்ன நாளில் முடித்தாரா, பிறகு அழைத்தபோது வந்து பார்த்தாரா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மேற்கூரையின் அடிப்பகுதியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாரானாலும் அவரிடம் அதை ஒப்படைக்கக் கூடாது. ஒரு கட்டுமானப் பொறியாளர் முதலில் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய பழுது அது.

நாள் கூலியா, ஒப்பந்தமா

பெயர்த்துப் பார்த்தால்தான் அளவு தெரியும் என்ற வகைப் பழுதுகளுக்கு, அதாவது சுவருக்குள் கசியும் குழாய், விரிசல் விட்ட தளம் போன்றவற்றுக்கு, நாள் கூலியே இரு தரப்புக்கும் நியாயமானது. ஒப்பந்தமாகப் பேசினால், தெரியாத பழுதுக்கும் சேர்த்து அவர் தொகையைக் கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் தவிப்பார். அளந்து சொல்லக்கூடிய வேலைகளான வண்ணப்பூச்சு, டைல்ஸ், சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்குச் சதுர அடிக் கணக்கு பொருந்தும். எதை அளப்பது என்பதை மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பெயிண்டர் கேட்பது சுவரின் பரப்பளவா, வீட்டின் தரைப் பரப்பளவா, கதவையும் சன்னலையும் கழிப்பாரா மாட்டாரா என்பதைப் பொறுத்துத் தொகை வெகுவாக மாறும்.

பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் ஆள் வைப்பது சிறு வேலைகளுக்கு ஏற்றது. சிமெண்டு வாங்கும்போது 50 கிலோ மூட்டையின் மீது அச்சிட்டுள்ள வாரத்தையும் ஆண்டையும் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை எடுக்காதீர்கள். கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்டும், பூச்சுக்கென்று நயமாகச் சலித்த பூச்சு மணலும் வேறு வேறு, பூச்சுக்குப் பி சாண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். மணலை யூனிட் கணக்கில் விற்பார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. லாரியில் வந்ததைக் கொட்டுவதற்கு முன் அளந்து பார்ப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயிண்ட் டப்பாக்களுக்குள் நிறுவனங்கள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைப்பது வழக்கம். அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள், டப்பா எத்தனை திறந்தன என்ற கணக்கு மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

ஒரு தாளில் எழுதிக்கொள்வது

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் ஒன்று போதும். தளத்து வேலையென்றால் இப்படி எழுதலாம்: பழைய தட்டோட்டை முழுவதும் எடுப்பது, வாட்டம் பத்து அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நீர் வடியும் வாயை நோக்கி அமைப்பது, மூலைகளை வளைவாகப் பூசுவது, தட்டோட்டின் இடுக்குகளை நீர்புகாக் கலவையால் அடைப்பது. வண்ண வேலையென்றால் சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பிரைமர் எத்தனை கை, பெயிண்ட் எத்தனை கை, எந்த நிறுவனத்தின் எந்த வகை என்பதுவரை எழுத வேண்டும். “நல்ல பெயிண்ட்” என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே.

பெரும்பாலும் விட்டுப்போவது இடிபாடு. பெயர்த்த காரையை மாடியிலிருந்து இறக்குவது யார், வண்டி வைத்து அப்புறப்படுத்துவது யார் என்று முன்பே பேசாவிட்டால், கடைசி நாளில் குவியல் உங்கள் வாசலில் நிற்கும், அல்லது இரவோடு இரவாக ஏதாவது ஏரிக்கரையில் கொட்டப்படும். சாரம் கட்டும் செலவு யாருடையது, நீராற்றுவது யார் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். புதுப்பூச்சை ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஆட்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவதால் இந்தப் பொறுப்பை வீட்டுக்காரர்களே ஏற்றுக்கொண்டு, காலையும் மாலையும் தண்ணீர் விடுவது உத்தமம். நீராற்றாமல் வெடித்த பூச்சுக்குக் கொத்தனாரைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

பணம்

முன்பணம் முதல் வாரத்துக்கு வேண்டிய பொருளுக்கும் கூலிக்கும் உரிய அளவைத் தாண்டக் கூடாது. பிறகு சனிக்கிழமைதோறும், முடிந்த வேலையை உடனிருந்து பார்த்து அதற்குரியதைக் கொடுங்கள். ரொக்கமாகத் தந்தால் ஒரு நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். “இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் அன்றைக்கே விலை பேசி அதே நோட்டில் எழுத வேண்டும், கடைசிக் கணக்கில் வரும் மனத்தாங்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

தளத்து வேலை முடிந்து, நீராற்றும் நாட்களும் கடந்தபின், வடிகுழாயின் வாயை அடைத்து இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி 48 மணி நேரம் வைத்து, கீழே உள்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனை முடியும்வரை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதாகத் தொடக்கத்திலேயே தாளில் எழுதிவிட்டால், எவரும் மறுப்பதில்லை. ஆனால் சித்தாளின் அன்றாடக் கூலியை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. அது அவர்களுடைய அன்றைய அரிசி.

ஒப்பந்தமாக வேலை எடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் விட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. அங்கே உங்களுக்குத் துணை நிற்பவை அந்தத் தாளும் நோட்டும்தான்.

வேலை செய்பவர்களின் பாதுகாப்பு

பெண் சித்தாள்களும் வருவார்கள் என்பதை நினைவில் வைத்து, குடிநீருக்கும் கழிப்பறைக்கும் முதல் நாளே வழிசெய்யுங்கள். உயரத்தில் ஏறுபவருக்கு இடுப்புக் கயிறு உண்டா என்று கேளுங்கள். 18 முதல் 60 வயதுவரை உள்ள கட்டுமானத் தொழிலாளர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதியலாம். பதிந்திருந்தால் விபத்து நேரும்போது குடும்பத்துக்கு உதவி கிடைக்கும் என்பதால், பதியாதவர்களிடம் அதைச் சொல்லுங்கள். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எடுபிடிக்கு அழைத்து வந்தால் வேலையை நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள்.

கொல்லை வேலைக்கு நாள் கூலி சரிவரும். தென்னைக்கு மட்டும் மரத்துக்கு இவ்வளவு என்று பேசி, மட்டை கழிப்பதும் காய்ந்த பாளையை எடுப்பதும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையை வெட்டுவதற்கு முன் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆளை ஏற்ற வேண்டும். புதர் வெட்ட ஜேசிபி அமர்த்துவதாக இருந்தால், மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் போகும் தடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு முன்பே காட்டுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்ட வேலைக்கு வந்தவரிடம், “அப்படியே இதையும் இறங்கிப் பார்த்துவிடப்பா” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தத் தொட்டியின் நச்சுவாயு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்தே கொல்லும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டாண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உள்ளாட்சி அமைப்பில் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரவழையுங்கள், தொட்டியின் மூடி திறந்திருக்கும் நேரம் முழுவதும் நீங்களும் அருகில் நில்லுங்கள்.