யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? அப்பலாச்சியக் குடும்பப் பாட்டுகளைப் பதிந்து பாதுகாக்கும் முறை

என் கணவரின் பாட்டிக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், கிழக்குக் கென்டக்கியில், நிலக்கரி வெட்டிய மலைகளுக்கு நடுவே ஓர் இடுக்கில் அவருடைய வீடு. அந்தப் பக்கத்தில் பாட்டியை ‘மமா’ என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். ஓர் ஆகஸ்ட் மதியம் மைக்கை மேசைமேல் வைத்து, “பாடுங்கள் மமா” என்றேன். இரண்டு கண்ணிகள் பாடினார். மூன்றாவது வரவில்லை. “மறந்துவிட்டதம்மா” என்று எழுந்து திண்ணைக்குப் போய், காலையில் விட்ட இடத்திலிருந்து பீன்ஸ் கோக்க உட்கார்ந்தார். பிஞ்சு பீன்ஸை ஊசியும் நூலுமாகச் சரம் சரமாகக் கோத்து, உலரத் தொங்கவிட்டு, பனிக்காலத்தில் பன்றியிறைச்சித் துண்டோடு நெடுநேரம் வேகவைத்துத் தின்பது அந்த மலைநாட்டு வழக்கம். இரண்டாவது சரம் முடிவதற்குள் பாட்டு தானாக வந்தது. பதினோரு கண்ணிகளும் வந்தன. மைக் உள்ளே மேசைமேல் கிடந்தது.

அன்றைக்குத் தவறவிட்டதிலிருந்துதான் இந்தச் செய்முறையைக் கற்றேன். அமெரிக்காவின் இந்த மலைப்பகுதியில் வேலைக்கு வந்தவர்கள், இங்கே பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். இதற்கு இசைப் பயிற்சியோ தொழில்நுட்பப் படிப்போ தேவையில்லை.

படி 1: பெட்டியைத் திறக்கும் முன் ஆட்களைப் பாருங்கள்

எல்லோரும் பரணில் இருக்கும் பழைய கேசட்டுகளில் தொடங்க நினைப்பார்கள். கேசட் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். தொண்ணூறு வயதுக் குரல் காத்திருக்காது. ஒரு நோட்டை எடுத்து, குடும்பத்தில் பாடுகிறவர், ஃபிடில் வாசிக்கிறவர், கதை சொல்கிறவர் என்று எழுதுங்கள். ஃபிடில் என்பது நாம் அறிந்த வயலின்தான். வாசிக்கும் முறைதான் வேறு. வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள்.

“எனக்கு ஒன்றும் தெரியாது” என்பவரை விட்டுவிடாதீர்கள். பாடாதவருக்குத்தான் பல நேரம் யார் எந்தப் பாட்டை எப்போது பாடினார்கள் என்பது நினைவிருக்கும். மேற்கு வர்ஜீனியாவின் போகஹான்டஸ் கவுன்டியில் ஹாமன்ஸ் குடும்பம் என்று ஒன்று இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1973-இல் அவர்களைப் பற்றி ஓர் இசைத்தட்டுத் தொகுப்பு வெளியிட்டது. அதில் ஃபிடிலும், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும், பாட்டும் மட்டும் இல்லை. அவர்கள் சொன்ன கதைகளும், குடும்பம் காட்டுக்குள் குடியேறிய வரலாறும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் இசையைப் பதிகிறவர் அந்தத் தொகுப்பை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பேன்.

படி 2: கருவி

கைபேசி போதும். எம்பி3 போலச் சுருக்காமல் ‘வேவ்’ வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி இடம் பிடிக்கும். அழைப்பு எதுவும் குறுக்கிடாதபடி விமானப் பயன்முறையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பேச்சுக்கு ஒரு கை நீளத் தொலைவு, ஃபிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் அதைவிட இரண்டு மடங்கு. பாடும்போது ஒலியளவுக் காட்டி உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் சரி. ஒரு நிமிடம் பதிந்து, காதுக்கருவியில் கேட்ட பிறகு தொடருங்கள்.

படி 3: அனுமதி

மூன்று கேள்விகள் கேளுங்கள். வீட்டார் கேட்கலாமா? இணையத்தில் போடலாமா? ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா? மூன்றுக்கும் விடை வேறு வேறாக இருக்கும். பழைய கதைப்பாட்டு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கலாம். அதைப் பாடும் குரல் பாடுகிறவருக்குச் சொந்தம். விடையைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

வழிபாட்டுப் பாட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையினர் வாத்தியமே இல்லாமல் பாடுவார்கள். ஒருவர் அடியை எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் அதை நீட்டி இழுத்துப் பின்பாடும். முதல்முறை கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் அது கச்சேரி இல்லை, வழிபாடு. சபை மூப்பரிடம் கேட்காமல் அங்கே கைபேசியை வெளியே எடுக்காதீர்கள்.

படி 4: பதிவு நாள்

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் கொடுங்கள்.

அவரை மைக்கிடம் வரவழைக்காதீர்கள். மைக் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பீன்ஸ் கோக்கிறாரா, அங்கே வையுங்கள். ரொட்டி மாவு பிசைகிறாரா, அடுப்படியில் வையுங்கள். இந்தப் பாட்டுகள் வேலையோடு வேலையாகப் பிறரிடமிருந்து காதில் விழுந்தவை. கை ஓடினால் பாட்டு ஓடும். பீன்ஸ் ஒடியும் சத்தமும் நாற்காலி ஆடும் சத்தமும் பதிவில் விழுமே என்று கவலைப்படாதீர்கள். இன்று நான் மமாவின் பதிவைக் கேட்கும்போது முதலில் காது தேடுவது அந்த நாற்காலியைத்தான்.

தொடங்கும்போது உங்கள் குரலில் தேதி, இடம், அங்கே இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். தாள் தொலையும், கோப்பின் பெயர் மாறும்; குரலில் சொன்னது பாட்டோடு இருக்கும்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?” இதைக் கேட்காமல் விட்டால் கையில் கிடைப்பது பாட்டின் பாதிதான். அந்தக் கேள்விக்கு மமா சொன்ன விடைகளில்தான் சுரங்கத்தில் இறந்த தம்பியும், ஓஹையோவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்த் திரும்பாத அத்தையும், ஒருமுறை வந்து இரவு தங்கிய வழிப்போக்கரும் வந்தார்கள்.

இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதால் நேர்ந்த அநியாயம் ஒன்று இருக்கிறது. 1927 ஆகஸ்டில், டென்னசி வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டலில் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழு முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியது. பிறகு அந்தக் குழுவின் ஏ.பி. கார்ட்டர் மலைகளில் அலைந்து பாட்டுகள் சேகரித்தார். உடன் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை நெஞ்சில் பதித்துக்கொண்டு வருவார். ஆனால் வெளிவந்த பாட்டுகளில் இருந்தது கார்ட்டரின் பெயர். ரிடில் என்று ஒருவர் இருந்ததே பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து இந்த மலைக்கு ஏறிய வாத்தியம்தான். ஆகவே உங்கள் நோட்டில் ஒரு பெயரையும் விடாதீர்கள்.

இன்னொன்றும் அவர்களிடம் கற்கலாம்: இது இரண்டு பேர் செய்யும் வேலை. 1916 முதல் 1918 வரை இங்கிலாந்திலிருந்து வந்து இந்த மலைகளில் பாட்டு சேகரித்த செசில் ஷார்ப் மெட்டை எழுத, உடன் வந்த மாட் கார்ப்பிலஸ் சொற்களைச் சுருக்கெழுத்தில் எடுத்தார். உங்களுக்குப் பதிவுக் கருவி இருக்கிறது. இருந்தாலும் ஒருவர் கருவியைக் கவனிக்கட்டும், மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.

திருத்தாதீர்கள். “புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே” என்று சொன்னால் அன்றைய பதிவு அத்தோடு முடிந்தது. ஒரே கதைப்பாட்டை அக்கா ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் பாடுவார்கள். இரண்டும் சரி, இரண்டையும் பதியுங்கள். இருவரும் சொற்களுக்காக வாதிட்டால் அதையும் பதியுங்கள். எழுதி எடுக்கும்போது அந்த மலையின் பேச்சைப் பள்ளிக்கூட ஆங்கிலமாக மாற்றுவதும் கூடாது.

வாத்தியம் என்றால் ஒரு கூடுதல் வேலை உண்டு. வாசிக்கும் முன் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக மீட்டச் சொல்லிப் பதியுங்கள். இங்கே ஃபிடிலையும் பாஞ்சோவையும் பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு சுருதியில் கூட்டுவார்கள். சுருதி தெரியாவிட்டால் பேரப்பிள்ளை அந்த ஒலியை எட்டவே முடியாது. அதே பாட்டை மெதுவாக ஒருமுறை வாசிக்கச் சொல்லி, இரண்டு கைகளும் தெரிய வீடியோ எடுங்கள். மடியில் வைத்து வாசிக்கும் டல்சிமர் என்றால் மேலிருந்து எடுங்கள்.

ஒரு மணி நேரம் போதும். களைப்பு குரலில் தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

படி 5: பழைய கேசட்டுகள்

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். பிறகு தவறி ‘ரெக்கார்ட்’ அழுத்தினாலும் பழையது அழியாது. உள்ளே வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். நல்ல கேசட் என்றால் ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன நாடா தளரும். கேசட்டை ஓட்டும் கருவியான டெக்கின் ஒலித்தலையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். டெக்கிலிருந்து ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதியலாம். தொண்ணூறு நிமிட கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடம் ஆகும்; குறுக்குவழி இல்லை.

ஒலி மங்கலாக இருந்தால் ஒலித்தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள். திரை விலகியது போலக் குரல் தெளியும். பெரிய வட்டச் சுருள் டேப்புகளை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். சிலவற்றின் பூச்சு ஒட்டிக்கொண்டு உரியும். அவை காப்பகத்தாரின் வேலை.

நான் ஒரு கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த குறுந்தட்டில் இரைச்சல் இல்லை, பாட்டுகள் பளிச்சென்று இருந்தன. பாட்டுகளுக்கு நடுவே இருந்த பேச்சைக் காணவில்லை. “தேவையற்ற பகுதி” என்று வெட்டியிருந்தார்கள். மாமனார் சிறுவனாக இருந்தபோது பேசிய ஒரே பதிவு அதில் இருந்தது. நல்ல வேளையாகக் கேசட் கைவசம் இருந்ததால் மறுபடி நானே பதிந்தேன். ஆகவே மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்குவதும் வெட்டுவதும் அதன் நகலில் மட்டும்.

படி 6: தாள்களும் படங்களும்

குடும்பப் பைபிளின் முன்பக்கங்களில் பிறப்பு இறப்பு எழுதியிருப்பார்கள். அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பாட்டின் சொற்களைக் கையால் எழுதிவைத்த தாளைப் பழைய ஆட்கள் ‘பேலட்’ என்பார்கள். மாவு டப்பாவிலும் தையல் பெட்டியிலும் தேடுங்கள். 600 டிபிஐ அளவு போதும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். குடும்பக் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து, அங்கேயே பந்தி போட்டுச் சாப்பிடும் ‘டெக்கரேஷன் டே’ அன்று உறவினர் அத்தனை பேரும் கூடுவார்கள். பெயர் தெரியாத படங்களை அங்கே கொண்டுபோங்கள். ஒரு மதியத்தில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

படி 7: பெயரும் பிரதிகளும்

கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், ஆள், எண் என்ற வரிசையில் வையுங்கள். பாட்டு, கற்றது யாரிடம், சுருதி, அனுமதி ஆகியவற்றுக்கு ஓர் அட்டவணை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில். வெளியூர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கென்டக்கியின் வைட்ஸ்பர்க்கில் 1969 முதல் இயங்கும் ஆப்பல்ஷாப் என்ற அமைப்பு இந்த மலையின் வாழ்க்கையைப் படமாகவும் ஒலியாகவும் சேர்த்துவைத்தது. 2022 ஜூலை இறுதியில் ஆறு பெருகி அதன் காப்பகத்துக்குள் புகுந்தது. சேற்றில் நனைந்த ஃபிலிம் சுருள்களையும் டேப்புகளையும் மீட்கப் பெரும்பாடு பட்டார்கள். இந்த இடுக்குகளில் வீடுகள் ஓடையை ஒட்டியே இருக்கும். பக்கத்து வீட்டில் வைத்த பிரதியும் அதே தண்ணீரில்தான் போகும். வேலை தேடி லட்சக்கணக்கானோர் இங்கிருந்து ஓஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் போன துயரம் இந்த ஒரு விஷயத்தில் கைகொடுக்கிறது: எல்லாக் குடும்பத்துக்கும் அங்கே ஓர் உறவினர் இருக்கிறார். எங்கள் மூன்றாவது பிரதி ஓஹையோவின் டேட்டனில், கணவரின் அத்தை மகன் வீட்டில் இருக்கிறது.

குடும்பம் சம்மதித்தால் கென்டக்கியின் பெரியா கல்லூரிக் காப்பகத்தையோ, ஜான்சன் சிட்டியில் உள்ள கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் அப்பலாச்சிய ஆவணக் காப்பகத்தையோ அணுகலாம். யார் கேட்கலாம், உரிமை யாரிடம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

படி 8: திரும்பக் கொடுப்பது

வட கரோலினாவின் மாடிசன் கவுன்டியில் கதைப்பாட்டுகளை ‘முழங்காலோடு முழங்கால்’ கற்றார்கள் என்பார்கள். பெரியவர் எதிரே பிள்ளை உட்காரும். ஓர் அடி அவர் பாட, அதே அடியை இது பாடும். அதையே செய்யுங்கள். ஸ்பீக்கரில் பதிவைப் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கேட்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடும். முதலில் நீங்கள் கற்று, பிறகு நேரில் பாடுங்கள். சந்தேகம் வந்தால் மட்டும் பதிவைத் திறங்கள்.

மமா இப்போது இல்லை. சென்ற ஆகஸ்டில் அதே திண்ணையில் என் மகள் பீன்ஸ் கோத்துக்கொண்டே அந்தப் பதினோரு கண்ணிகளையும் பாடினாள். இந்த முறை மைக் பீன்ஸ் கூடையின் ஓரத்தில் இருந்தது. முடிந்ததும் கேட்டேன்: “யாரிடம் கற்றுக்கொண்டாய்?”

“மமாவிடம். ஏழாவது கண்ணி மட்டும் டேட்டன் அத்தையிடம். அவர்கள் அதை வேறு மாதிரி பாடுவார்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.”

இரண்டு பெயர்களையும் நோட்டில் எழுதினேன்.