அடிமனை வீடா, சொந்த மனையா? பணம் கொடுக்கும் முன் பார்க்கும் முறை

நாகர்கோவில் பக்கம் ஒரு கோயில் தெருவில் நாலு சென்டில் ஓட்டு வீடு, அக்கம்பக்கத்து விலையில் பாதிக்கு வந்தது. வீட்டுவரி ரசீது விற்பவர் பெயரில், கரண்ட் இணைப்பும் அவர் பெயரில், வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் விவரம்) சுத்தம். 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வீடு மட்டும்தான் அவருடையது, அடியில் இருக்கும் நிலம் (அடிமனை) கோயிலுடையது என்று பிறகுதான் தெரிந்தது. பணத்தைத் திரும்ப வாங்க மூன்று மாதம் நடந்தேன். அதிலிருந்து சொந்தக்காரர்கள் வீடு பார்க்கப் போனால் என்னையும் கூட்டிப்போகிறார்கள். நான் பார்க்கிற வரிசை இதுதான்.

பட்டா, சிட்டா இணையத்தில் எடுப்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். வீட்டுவரி ரசீதையும் கரண்ட் பில்லையும் ஓரமாக வையுங்கள். யார் குடியிருக்கிறார், யார் வரி கட்டுகிறார் என்பதைத்தான் அவை சொல்லும். நிலம் யாருடையது என்று சொல்லாது.

1. மூலப் பிரமாணத்தைக் கேளுங்கள்

பிரமாணம் என்றால் பத்திரம். கடைசிப் பத்திரம் மட்டும் போதாது. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னால் போக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் பழைய பிரமாணங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் (மலையாள ஆண்டு) தேதியோடு இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் (ஐப்பசி) 27 அன்று வந்தது, அதாவது 12-11-1936. கணக்கு சரியாக வருகிறதல்லவா?

மலையாளக் கையெழுத்தை செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்க்க முயலாதீர்கள். நான் முயன்றேன், குப்பையாக வந்தது. விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குப் படித்துத் தந்தவர் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். இரண்டாவது பக்கத்தில் விரலை வைத்து, "மக்கா, வீடுதான் இவருக்குள்ளது. தறை கோயிலுக்கதாக்கும்" என்றார். தறை என்றால் நிலம். அந்த வரியில் இருந்த சொல் ‘பாட்டம்’. ‘தீறு’ என்றிருந்தால் விலைக்கு விற்றது, ‘ஒற்றி’ என்றால் பணத்துக்கு ஈடாகக் கொடுத்தது, ‘பாட்டம்’ என்றால் குத்தகை. பிற்காலத் தமிழ்ப் பத்திரத்தில் இது ‘கட்டடம் மட்டும்’, ‘அடிமனை நீங்கலாக’ என்று சொத்து விவரத்தின் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கும். அந்தப் பகுதியை நான் முதலில் படிக்கிறேன்.

(‘ஸ்ரீபண்டாரவகை’, அதாவது பத்மநாப சுவாமி கோயில் வகை நிலம், என்று கண்டதும் ஓட வேண்டாம். அந்த நிலங்களை ரயத்துவாரியாக (அரசுக்கு நேராக வரி கட்டும் பட்டா நிலமாக) மாற்ற 1964-இல் தனிச் சட்டமே வந்தது. அப்புறம் பட்டா யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள், போதும்.)

2. சர்வே நம்பர்: என் கால் வழுக்கிய இடம்

வில்லங்கம் சுத்தம் என்றேனே, அது எப்படி? விற்பவர் கொடுத்த பத்திரத்தில் இருந்தது பழைய சர்வே நம்பர். நான் அதை மட்டும் போட்டுத் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. ஒன்றும் இல்லை என்பதை வில்லங்கமே இல்லை என்று எடுத்துக்கொண்டேன்! ரீசர்வேக்குப் (மறு நில அளவை) பிறகு அந்த இடத்துக்கு வேறு நம்பர். தாலுகா அலுவலகத்தில் பழைய நம்பருக்கு எந்தப் புது நம்பர் என்று கேட்டு வாங்கி, மறுபடி தேடினால் கதை மாறிவிட்டது. பழையது, ரீசர்வே இரண்டிலும் தனித்தனியாகத் தேடுங்கள். இணையத்தில் இல்லாத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். என் வழக்கம், ஒரு நீள நோட்டில் இடது பக்கம் பழைய நம்பர், வலது பக்கம் புதியது, நடுவில் பத்திர எண். எந்த ஆப்பும் இதற்கு ஈடில்லை.

புது நம்பர் கிடைத்ததும் ‘அ’ பதிவேட்டையும் (கிராமத்தின் நிலக் கணக்கு) பாருங்கள். கோயில் பெயர் அங்கே இருந்தால் பேச்சு முடிந்தது.

3. கோயில் அலுவலகம்

அடிமனைதான் என்று தெரிந்தும் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: விற்பவரோடு சேர்ந்து கோயில் அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போனால் பதில் கிடைக்காது. கோயிலின் வாடகைக் கணக்கில் இருப்பது யார் பெயர், நிலுவை எத்தனை பசலிக்கு (வருவாய்த்துறை ஆண்டு), குத்தகைக் காலம் எப்போது முடிந்தது, இவை மூன்றும் தெரிய வேண்டும். பல வீடுகளில் கணக்கில் இருப்பது இறந்துபோன தாத்தாவின் பெயர். விற்பவர் பெயரே அங்கே இல்லாதபோது அவர் உங்களுக்கு எழுதிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது?

அறநிலையச் சட்டம் 1959-இன் 34-வது பிரிவுப்படி, கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. ஆகவே "99 வருஷக் குத்தகை" என்று ஒரு காகிதத்தைக் காட்டினால், அனுமதி உத்தரவின் நகலைக் கேளுங்கள். குத்தகை முடிந்த பிறகும் இருப்பவரை 78-வது பிரிவு ஆக்கிரமிப்பாளராகவே பார்க்கிறது. ஐம்பது வருடம் குடியிருந்தேன் என்ற வாதம் அங்கே எடுபடாது.

வாடகை அதே நூறு, இருநூறாக நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். 34-ஏ பிரிவின்படி சந்தை வாடகை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை வைப்பார்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதிகம் என்று தோன்றினால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு நாளைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் ஒத்தி வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். ஒத்தி (மேலே சொன்ன ‘ஒற்றி’தான்) வேறு, குத்தகை வேறு. ஒத்தி என்பது சட்டத்தில் அடமானம். தொகை 100 ரூபாயைத் தாண்டினாலே இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்ய வேண்டும். சுவாதீன ஒத்திக்கு (வீட்டைக் கையில் ஒப்படைக்கும் ஒத்தி) முத்திரைத் தீர்வை 4 சதவீதம் என்பதால் பலர் குறைந்த மதிப்பு முத்திரைத்தாளில் ‘வாடகை ஒப்பந்தம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டை இன்னொருவருக்கு விற்றுவிட்டால் உங்கள் பணம் வில்லங்கத்தில் எங்குமே தெரியாது. என் மைனி இப்படித்தான் 5 லட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கிறார். பதியச் சொல்லி நான் மூன்று தடவை சொல்லியாயிற்று. "அவங்க நல்ல மனுசங்க" என்கிறார்.