ஊட்டியா, ஆக்ராவா? உருளைக்கிழங்கு ரகங்களை இனங்காணும் முறை

சென்ற ஆடி மாதத்தில், செம்மண் அப்பியிருந்த தோற்றத்தை நம்பி, "ஊட்டி உருளை" என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டு கிலோ கிழங்கைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தேன். கழுவும்போது அந்த மண் முழுவதும் முதல் தண்ணீரிலேயே பொடியாகக் கரைந்து இறங்கிவிட்டது. முளை கிளம்பும் கண்களின் குழிகளில் ஒரு துணுக்குக்கூடத் தங்கவில்லை. பொடிமாஸுக்காக வேகவைத்தபோது கிழங்கு உதிராமல் ஈரப்பசையுடன் பிசைபட்டது. வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு வேறு. விற்றவரிடம் போய்ச் சண்டையிடுவதைவிடக் கிழங்கை அடையாளம் காணக் கற்றுக்கொள்வது மேல் என்று தோன்றியதால் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஊட்டி, ஆக்ரா, கோலார் என்று நாம் சொல்பவை விளைந்த ஊரின் பெயர்களே தவிர ரகத்தின் பெயர்கள் அல்ல. இந்தியாவில் வெளியிடப்பட்ட ரகங்களில் பெரும்பாலானவை "குப்ரி" என்று தொடங்கும். அது சிம்லாவுக்கு அருகே, மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒட்டுச்சேர்க்கைப் பணிகள் நடைபெறும் ஊரின் பெயர். 1968இல் வெளிவந்த குப்ரி ஜோதி மலையிலும் சமவெளியிலும் விளைகிறது. நீலகிரியில் 1961இல், உருளைச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, அதைத் தாங்கி வளரக்கூடிய குப்ரி சொர்ணா 1985இல் அந்த மலைக்கென்றே வெளியிடப்பட்டது. எனவே ஊர் ஒரு கேள்வி, ரகம் இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை தேடும் வழிகள் வேறு வேறு.

முதற்படி, கழுவுவது. தேங்காய் நாரைப் பயன்படுத்தாதீர்கள்; புதுக்கிழங்கின் தோல் அதில் உரிந்து வந்துவிடும், பிறகு தோலின் நிறத்தையோ சொரசொரப்பையோ பார்க்க வழியிருக்காது. பழைய பல்துலக்கி போதும். கழுவியபின் துடைத்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் எல்லாக் கிழங்கும் மஞ்சளாகத்தான் தெரியும்.

அடுத்தது தோலும் கண்களும். தோல் வெளிர் சிவப்பாகவும், கிழங்கு உருண்டையாகவும், கண்கள் ஓரளவு ஆழமாகவும் இருந்தால் அது 1967இல் வெளிவந்த குப்ரி சிந்தூரியாக இருக்கக்கூடும். நீள்வட்ட வடிவமும் வெண்மையான வழவழப்புத் தோலும் மேலோட்டமான கண்களும் ஜோதியின் அடையாளங்கள். அதே வெண்மையுடன் கண்கள் சற்றுக் குழிந்திருந்தால், உத்தரப் பிரதேச விவசாயிகள் "3797" என்று எண்ணால் அழைக்கும் குப்ரி பஹாரை நினைத்துக்கொள்ளலாம். ஊதாத் தோலும் மஞ்சள் சதையும் சேர்ந்து வந்தால் குப்ரி நீல்கண்ட்; அதைக் காய்கறிக் கடையில் காண்பது அரிது. கண்ணின் ஆழத்தைப் பார்வையால் மதிப்பிடாமல் கட்டைவிரலின் நுனியை வைத்துத் தடவிப் பாருங்கள். நுனி இடறினால் குழி, வழுக்கிச் சென்றால் மேலோட்டம்.

பிறகு குறுக்கே வெட்டிச் சதையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தோலும் சதையும் இரண்டுமே தெளிவான மஞ்சள் என்றால், 1998இல் வந்த குப்ரி புக்ராஜ் என்று ஊகிக்கலாம். அது நீர்ச்சத்து மிகுந்த கிழங்கு. குருமாவில் துண்டு உடையாமல் நிற்கும், போண்டாவுக்கு உதவாது.

இனி, என்னை ஒரு வாரம் அலைக்கழித்த படி: உப்புநீர்ச் சோதனை. மாவுச்சத்து மிகுந்த கிழங்கு கனமானது, உப்புநீரில் மூழ்கும். நீர்ச்சத்து மிகுந்தது மிதக்கும். எடையால் அல்லாமல் கன அளவால், ஒரு பங்கு தூள் உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. நான் டம்ளரால் அளந்து கல் உப்பைப் போட்டேன். எல்லாக் கிழங்கும் மூழ்கின, புக்ராஜ் உட்பட. மூன்று முறை செய்தும் அதே முடிவு. கல் உப்பின் பரல்களுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால் ஒரு டம்ளரில் அடங்கும் உப்பின் எடை குறைவு என்பதும், அடியில் கரையாமல் கிடந்ததைச் சேர்த்தால் நீரில் உண்மையில் கரைந்தது அதைவிடவும் குறைவு என்பதும் பின்னர்தான் புரிந்தது. ஆகவே டம்ளரை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 110 கிராம் உப்பு என்று தராசில் நிறுத்துப் போடுங்கள். இந்த வேலைக்கு மின்னணுச் சமையலறைத் தராசே சரி; முள் ஆடும் பழைய தராசை நான் நம்புவதில்லை. உப்பு முழுவதும் கரைந்து, நீர் கலங்கல் நீங்கி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே கிழங்கை இட வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தைவிடக் கண்ணாடிப் பாத்திரம் மேலானது, ஏனெனில் மூழ்காமலும் முழுதாக மிதக்காமலும் நடுவே தத்தளிக்கும் கிழங்கைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். வறுவலுக்கென்றே உருவாக்கப்பட்ட குப்ரி சிப்சோனா சட்டென்று அடியில் போய் உட்காரும். ஜோதியோ, விளைந்த நிலத்தையும் பருவத்தையும் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். அதை இச்சோதனையால் மட்டும் முடிவுசெய்ய வேண்டாம்.

ஐயம் தீராவிட்டால் முளையைப் பார்க்கலாம். நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் கிழங்கை வைத்தால், இருட்டில் வளர்வதைப் போல நீண்டு வெளுக்காமல், முளை குட்டையாகவும் தடிப்பாகவும் நிறமேறியும் வரும். அடிப்பகுதி உருண்டையா கூம்பா, செவ்வூதாவா நீல ஊதாவா பச்சையா, மயிர்கள் அடர்த்தியா என்பன ரகத்துக்கு ரகம் மாறுபடும். ரகங்களை வேறுபடுத்தும் அறிவியல் விவரிப்பிலும் இவை இடம்பெறுகின்றன. ஒரு கைப்பூதக்கண்ணாடி இருந்தால் போதும்.

இதே முளை ஊரையும் காட்டிக்கொடுக்கும். வட மாநிலங்களில் அறுவடை பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை முடிந்து, கிழங்கு குளிர்கிடங்குக்குப் போய்விடுகிறது. நீலகிரியிலோ ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் பயிரிடுகிறார்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உறங்கும். ஆடியில் வாங்கிய "புது ஊட்டி உருளை" ஒரே வாரத்தில் முளைவிட்டால் அது கிடங்கிலிருந்து வந்தது என்று ஐயுறலாம். குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடுவதால்தான் அத்தகைய கிழங்கு இனிக்கிறது, வறுத்தால் சீக்கிரம் கருக்கிறது. என் பொடிமாஸின் இனிப்புக்குக் காரணம் இதுவே.

பிற்சேர்க்கை 1: மாவுக்கிழங்கு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பெரிய கிழங்கு மிதந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதை நடுவே வெட்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே விரல் நுழையும் அளவுக்குப் பொந்து இருந்ததாம். மிகப் பெரிய கிழங்குகளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். நடுத்தர அளவில் நான்கைந்தைச் சேர்த்துப் போட்டு, பெரும்பான்மை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: முளைக்காக வெளிச்சத்தில் வைத்த கிழங்கு பச்சையாகிவிட்டது, சீவிவிட்டுச் சமைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தனர். வேண்டாம். பச்சை நிறம் ஏறும்போது சோலனைன் என்னும் நச்சும் கூடவே மிகும், வேகவைத்தாலும் அது போகாது. முளைச் சோதனைக்கு ஒரு கிழங்கைத் தனியாக ஒதுக்கி, பார்த்து முடிந்ததும் தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள்.