குடிமைப் பணித் தேர்வின் கட்டுரைத் தாள்: தனி ஆசிரியரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் முடிவு வெளியான மறுநாளே, தமிழ் வழியில் எழுதப்போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "கட்டுரை திருத்திக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா?" பொது அறிவுத் தாள்களுக்குப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. விருப்பப் பாடத்துக்கு முன்னால் எழுதியவர்களின் குறிப்பேடுகள் கைமாறுகின்றன. கட்டுரைக்கு மட்டும் தனியாக ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் பணம் வீணாகிறது. அதைவிட அரிதான நாள்களும் வீணாகின்றன.

தாளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் யாரைத் தேடுவது என்பது பாதி விளங்கிவிடும். முதல்நிலையில் தேறியவர்கள் எழுதும் முதன்மைத் தேர்வில் இது ஒரு தாள்: மூன்று மணி நேரம், 250 மதிப்பெண். இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு தலைப்புகள். பிரிவுக்கு ஒன்றாக இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்களுக்குள், தலா 125 மதிப்பெண். நேர்முகத் தேர்வையும் சேர்த்தால் மொத்தம் 2025 மதிப்பெண்; அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இந்த ஒரே தாளில் இருக்கிறது. பாடத்திட்டம் என்று தேர்வை நடத்தும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) சொல்வது நான்கே எதிர்பார்ப்புகளைத்தான்: தலைப்பை விட்டு விலகாமல் இருப்பது, கருத்துகளை ஒழுங்காக அடுக்குவது, சுருக்கமாக எழுதுவது, சொல்ல வந்ததைப் பிசகில்லாமல் சொல்வது. இந்த நான்கையும் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. எழுதிக் கொடுத்து, திருத்தி வாங்கி, மறுபடி எழுதினால்தான் வரும். ஆகவே உங்களுக்கு வேண்டியவர் திருத்துபவர். நன்றாகப் பேசுபவரெல்லாம் நன்றாகத் திருத்துவார் என்று நம்புவதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைவிடுகின்றன.

ரேங்க்கைப் பார்த்து மயங்குவது

ஆள் விசாரிக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "அவர் என்ன ரேங்க்?" என்பதுதான். தேர்ச்சி பெற்றவருக்குத் தன் கட்டுரையைத் தெரியும். உங்கள் கட்டுரை நான்காவது பத்தியில் ஏன் நொண்டுகிறது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அதற்கு அடுத்தவர் எழுத்தைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தேர்வாணையம் திருத்திய விடைத்தாளைத் தேர்வருக்குத் திருப்பித் தருவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டாலும், கேட்டதற்காகவே கொடுத்துவிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆக, அதிக மதிப்பெண் வாங்கியவருக்கே தன் கட்டுரையில் எது எடுபட்டது என்று நிச்சயமாகத் தெரியாது. அவர் சொல்வதும் ஊகம்தான். அனுபவத்திலிருந்து வரும் ஊகம் என்று மதிக்கலாம், வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஆணையத்தின் திருத்தும் முறை எனக்கு அத்துபடி" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே நன்றி சொல்லி விடைபெறலாம்.

வெற்றியாளர்களின் படங்களும் அப்படித்தான். நேர்முகத் தேர்வுக்கான வழிகாட்டலுக்கு மட்டும் வந்துபோனவரை, தொடக்கம் முதல் தங்களிடம் படித்தவர்போல விளம்பரம் செய்த பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளும் வந்தன. ஒருவரின் வெற்றியை விளம்பரத்தில் காட்டினால் அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார், எவ்வளவு காலம் படித்தார், கட்டணம் செலுத்தினாரா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த நெறிகள் ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானவை. வீட்டிலிருந்து பத்துப் பேருக்குக் கட்டுரை திருத்துபவர் அந்த வளையத்துக்குள் வரமாட்டார். அங்கே விசாரணை அதிகாரி நீங்கள்தான். "போன முறை என்னிடம் எழுதியவர் தேறிவிட்டார்" என்றால், அவர் எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை தடவை மாற்றி எழுதினார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தத் தேர்வரிடமே கேட்டுவிடுங்கள்.

திருத்திய தாளைப் பார்க்காமல் பணம் கட்டுவது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. சேலை எடுக்கப் போனால் முந்தானையை விரித்துப் பார்க்காமல் யாரும் பில் போடச் சொல்வதில்லை. கட்டுரைக்கு மட்டும், கேள்வி கேட்காமல் மொத்தக் கட்டணத்தையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதல்நிலையில் தேறிய தமிழகத் தேர்வர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தில் அரசு 25,000 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அந்தத் தொகை வந்த வாரத்திலேயே ஒருவரிடம் மொத்தமாகப் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லை.

பணம் பேசுவதற்கு முன் உங்கள் கட்டுரையின் ஒரே ஒரு பக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். உழைப்புக்குக் காசு கேட்பதில் பிழையில்லை. திரும்பி வரும் அந்த ஒரு பக்கம், ஆசிரியரைப் பற்றி எந்தச் சிபாரிசைவிடவும் அதிகம் சொல்லிவிடும்.

எப்படி என்று பார்க்கலாம். 2022 கட்டுரைத் தாளில் வந்த ஒரு தலைப்பின் சாரம் இது: துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பத்திரமாக இருக்கும், ஆனால் கப்பலைக் கட்டியது அதற்காக இல்லை. இதற்கு ஒரு தேர்வர் இப்படித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மனித வாழ்க்கை என்பது நெடிய பயணம். ஆதிகாலம் தொட்டே மனிதன் சவால்களைச் சந்தித்து வந்திருக்கிறான். 1991ஆம் ஆண்டு பொருளாதாரத்தைத் தாராளமயமாக்கி இந்தியாவும் துறைமுகத்தை விட்டுத் துணிச்சலாகக் கடலுக்குப் புறப்பட்டது."

ஒரு ஆசிரியர் ஓரத்தில் எழுதுகிறார்: "நல்ல தொடக்கம். ஒரு மேற்கோள் சேர்க்கவும். இன்னும் ஆழம் தேவை." இதே மூன்று வாக்கியங்களை எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் எழுதலாம். முத்திரை செய்து வைத்துக் குத்தினால்கூடப் போதும்.

இன்னொருவர் முதல் இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டு எழுதுகிறார்: "இவை எந்தத் தலைப்புக்குக் கீழும் பொருந்தும். கப்பல் மூன்றாவது வாக்கியத்தில்தான் வருகிறது, அங்கிருந்து தொடங்குங்கள்." அதன்பின் 1991க்கு அடியில் கோடு போடுகிறார்: "துணிச்சலாகவா புறப்பட்டது? அந்நியச் செலாவணி இருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலையில், கரையில் நிற்க வழியில்லாமல் கிளம்பிய கப்பல் அது. இந்த எடுத்துக்காட்டு உங்கள் வாதத்தோடு முரண்படுகிறது. அதை ஒப்புக்கொண்டு எழுதினால் கட்டுரைக்கு ஒரு திருப்பம் கிடைக்கும்: சில சமயம் துறைமுகமே பாதுகாப்பாக இருப்பதில்லை."

இரண்டாமவருக்கு ரேங்க் இல்லாமல் இருக்கலாம், யூடியூப் பக்கமும் இல்லாமல் இருக்கலாம். அவரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் அடுத்த பத்தியை உங்களுக்காக எழுதித் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். கேள்வியை வைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

எழுதியே தருகிற ஆசிரியரும் உண்டு. திருப்பி அனுப்பும் தாளில் உங்கள் வாக்கியங்கள் மறைந்து, அவருடைய நடை நிறைந்திருக்கும். படிக்க அழகாக இருக்கும், வீட்டில் காட்டிப் பெருமைப்படலாம். தேர்வறையில் எட்டுப் புதிய தலைப்புகளின் முன் உட்காரும்போது அந்த நடை உங்கள் கூட வராது. "மாதிரிக் கட்டுரைகள் நூறு தருகிறேன், மனப்பாடம் செய்தால் போதும்" என்பதும் இதே வகை. அண்மை ஆண்டுகளில் தலைப்புகள் பழமொழிபோல, தத்துவ வரிபோல வருகின்றன. "நீர் மேலாண்மை" என்று மனப்பாடம் செய்து வைத்ததை அவற்றின் மேல் ஒட்ட முயல்பவர்கள் முதல் எதிர்பார்ப்பிலேயே, அதாவது தலைப்பை விட்டு விலகாமல் இருப்பதிலேயே, தோற்றுவிடுகிறார்கள்.

தமிழ் மட்டும் தெரிந்தவர், தேர்வு மட்டும் தெரிந்தவர்

தமிழ் வழித் தேர்வருக்கு ஒரு தனிச் சிக்கல். கட்டுரைத் தாளின் தலைப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சிந்தித்து எழுத வேண்டும். தலைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்த ஒன்றரை மணி நேர உழைப்பும் தடம் மாறிப் போகும். ஆகவே பயிற்சியின்போது ஆசிரியர் தலைப்பைத் தமிழில் எழுதித் தரக்கூடாது. தேர்வில் வருவதுபோல ஆங்கிலத்தில் தர வேண்டும். அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று முதலில் இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும். இதைச் செய்யாத ஆசிரியர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

இங்கே ஆள் தேர்வில் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திப் பழகிய ஒருவரிடம் போனால் அவர் கருத்துகளை மட்டும் பார்ப்பார். "நடப்பட்டது", "செய்யப்பட்டிருந்தது" என்று பக்கம் முழுக்கச் செயப்பாட்டு வினையாக நிற்பது அவர் கண்ணில் படாது. தமிழ்ப் புலமை ஒன்றையே தகுதியாகக் கொண்ட ஒருவரிடம் போனால் சந்திப் பிழைகளைத் திருத்தி, பத்திக்கு ஒரு குறள் சேர்க்கச் சொல்லி, "சாலச் சிறந்தது" என்று முடித்து அனுப்புவார். குறள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாதத்தை ஒரு படி முன்னே நகர்த்தும் குறள் என்றால் ஒன்றே போதும். அலங்காரத்துக்கு என்றால் ஒன்றே அதிகம். கலைச்சொற்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைத் தர ஆணையம் அனுமதிக்கிறது. இந்த விதி உங்கள் ஆசிரியருக்குத் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் இரண்டு பேரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்: முதன்மைத் தேர்வு எழுதிய அனுபவமுள்ள ஒருவர் வாதத்தைப் பார்க்கட்டும், நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் நடையைப் பார்க்கட்டும். இந்த இரண்டாவது ஆளைப் பயிற்சி மையங்களின் வாசலில் தேட வேண்டியதில்லை. நாளிதழ்களிலும் பதிப்பகங்களிலும் பிரதியைச் செப்பனிட்டுக் காலம் தள்ளியவர்கள், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஒரு பத்தியை மூன்று வரியாக்குவது அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களுக்கு இந்தத் தேர்வு தெரியாது என்பதால் யாரும் அணுகுவதில்லை. ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒருவர் கதையோடு தொடங்கு என்பார், மற்றவர் வரையறையோடு தொடங்கு என்பார். தேர்வறையில் முதல் பத்து நிமிடம் இந்த இருவரின் சண்டையைத் தீர்ப்பதிலேயே கழியும்.

எண்ணிக்கையிலும் மதிப்பெண்ணிலும் ஏமாறுவது

"இருபது கட்டுரை, இவ்வளவு ரூபாய்" என்று தொகுப்பாக விற்கிறார்கள். இருபதும் ஒரே தரத்தில் இருந்தால் இருபது எழுதி என்ன பயன்? எட்டு எழுதி, அதில் நான்கை மாற்றி எழுதி, மாற்றியதையும் அதே ஆசிரியர் படித்துக் கருத்துச் சொன்னால் அது பயிற்சி. மறுமுறை எழுதுவது கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள். தாள் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் கேளுங்கள். நான்கு நாளுக்கு மேல் போனால் எழுதியபோது என்ன நினைத்தோம் என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 125க்கு 67.5 என்று அரை மதிப்பெண் வரை துல்லியமாகப் போடுகிறார்கள். கட்டுரைக்கு மதிப்பெண் பிரிப்பு எப்படி என்று ஆணையம் வெளியிடாத நிலையில் இந்த அரை மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? முதல் கட்டுரைக்கு 45, ஆறாவதற்கு 70 என்று ஏறிக்கொண்டே போவதும் சந்தேகத்துக்குரியது. மாணவர் தக்கவைக்கப்படுகிறார் என்பதைத் தவிர அதற்கு அர்த்தம் இல்லாமல் இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு ஓரக் குறிப்புகளைப் படியுங்கள். முதல் தாளில் சொன்ன குறை ஆறாவது தாளிலும் அப்படியே இருந்தால், ஒன்று நீங்கள் திருத்திக்கொள்ளவில்லை, அல்லது அவர் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் நேரில் பேசித் தீர்க்க வேண்டும்.

கைப்பட எழுதிய தாளைத்தான் திருத்தக் கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்து அனுப்பச் சொல்பவர் தன் வசதியைப் பார்க்கிறார் என்று பொருள். அவர் அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு வரும் கருத்தை உங்களுக்கு அனுப்புகிறாரோ என்ற ஐயமும் எழும். அதற்கு நீங்களே செயலியைக் கேட்டுவிட்டுப் போகலாமே, நடுவில் ஒருவர் எதற்கு?

தாமதமாகத் தொடங்குவது

2025இல் முதல்நிலைத் தேர்வு மே 25 அன்று நடந்தது. முடிவு ஜூன் 11 அன்று வந்தது. முதன்மைத் தேர்வின் முதல் தாளான கட்டுரை ஆகஸ்ட் 22. முடிவு வந்தபிறகு தேடத் தொடங்கியவருக்குக் கையில் இருந்தது பத்து வாரம்தான், அதையும் மற்ற எட்டுத் தாள்களோடு பங்குபோட வேண்டும். நல்ல திருத்துநர்கள் அந்தச் சமயத்தில் புதிய ஆள்களை எடுப்பதில்லை. முதல்நிலைக்குப் படிக்கும்போதே மாதம் ஒரு கட்டுரை எழுதிக் காட்டும் ஏற்பாடு செய்துகொண்டால், பிறகு முட்டி மோத வேண்டியிருக்காது.

கட்டணத்தை மாதாமாதமோ கட்டுரைக்கு இவ்வளவு என்றோ பேசிக்கொள்ளுங்கள். பாதியில் நின்றால் மீதி எவ்வளவு திரும்பும் என்பது ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் இருக்கட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம். தேர்வு இணையதளத்தின் கடவுச்சொல், அசல் சான்றிதழ் போன்றவற்றைக் கட்டுரை திருத்துபவர் எதற்காகக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

காசு செலவழிக்க வழியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முதல்நிலையில் தேறியவர்களுக்கு அரசின் பயிற்சி மையங்களில் முதன்மைத் தேர்வுப் பயிற்சி உண்டு. அங்கே உடன் எழுதும் நான்கு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் வைத்து எழுதித் தாள்களை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தவர் தாளின் ஓரத்தில் "இந்தப் பத்தி எதற்கு?" என்று எழுதிப் பழகியவர், தன் தாளை எடுக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுவார். தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் மட்டும் புதிதாக யாரிடமும் தாளைக் கொடுக்காதீர்கள். அப்போது வரும் திருத்தம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதைப் பழகிக்கொள்ள உங்களுக்கு நேரமிருக்காது.