கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பின் ஒரு நாடு மாறிய விதத்தை ஆராய்வது எப்படி?

கிழக்கு ஐரோப்பிய நாடொன்றின் 1989க்குப் பிந்தைய வரலாற்றைப் படிக்கப் புகுபவர், முதலில் ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்பக்கம் அரசியல் நிகழ்வுகளையும் வலப்பக்கம் பொருளாதார நடவடிக்கைகளையும் தேதிவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் தனித்தனியே படிப்பதால்தான் எது எதற்குக் காரணமாயிற்று என்பது பலருக்குப் பிடிபடாமல் போகிறது.

தொடங்குவதற்குப் போலந்து ஏற்ற நாடு. 1989 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆட்சியாளர்களும் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தினரும் வட்டமேசையில் அமர்ந்து பேசினர். ஜூனில் நடந்த தேர்தலில் கீழவையின் 35 விழுக்காட்டு இடங்கள் மட்டுமே சுதந்திரப் போட்டிக்கு விடப்பட்டன. அவை அனைத்தையும், மேலவையின் 100 இடங்களில் 99ஐயும் சாலிடாரிட்டி வென்றது. செப்டம்பரில் சாலிடாரிட்டியைச் சேர்ந்த மசோவியெட்ஸ்கி தலைமையில் அரசு அமைந்தது. 1990 ஜனவரி 1 அன்று விலைக் கட்டுப்பாடுகளை நீக்கிச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறும் நிதியமைச்சர் பல்செரோவிச்சின் சீர்திருத்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மிகக் கடுமையான அந்தத் திட்டம் மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள்மீது வைத்திருந்த நம்பிக்கை ஆறுவதற்குள் தொடங்கப்பட்டது என்பது தெரியும். அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1993 தேர்தலில் பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் வழிவந்தவர்களே ஆட்சிக்குத் திரும்பினர். ஆனால் அவர்களும் சந்தைப் பொருளாதாரத்தைக் கலைக்கவில்லை, அடுத்த தேர்தலில் தோற்றபோது விலகினர். மாற்றம் வேரூன்றியதா என்று அறிய நான் முதலில் தேடும் அடையாளம் இதுவே.

அடுத்து விலைவாசியைப் பாருங்கள், ஆனால் புள்ளிவிவரங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய அமைப்பில் விலை உயராமல் இருந்ததற்குக் காரணம் அரசு அதைக் கட்டிப்போட்டிருந்ததுதான். பற்றாக்குறை கடை வாசல் வரிசைகளில் ஒளிந்திருந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் அது விலையாக வெளிப்பட்டது. போலந்தில் 1990இன் சராசரி விலைகள் முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்காயின. ரஷ்யாவில் 1992 ஜனவரி 2 அன்று விலைகள் விடுவிக்கப்பட்டன. அந்த ஓராண்டிலேயே அவை சுமார் 26 மடங்காயின. முதல் எழுச்சி இரு நாடுகளுக்கும் பொதுவானது. கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் ஒரு நாட்டில் விரைவில் தணிந்தது, மற்றொன்றில் தணியவில்லை என்பதே. ரஷ்யாவில் மத்திய வங்கி நலிந்த ஆலைகளுக்குக் கடனை அள்ளி வழங்கிக்கொண்டே இருந்தது. அதனால் தொடர்ந்த பணவீக்கம் முதியோரின் வாழ்நாள் சேமிப்பைக் கரைத்தது.

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி சொத்துரிமை. அரசுடைமையாக இருந்த ஆலைகள், எண்ணெய்க் கிணறுகள், சுரங்கங்கள் எவர் கைக்கு, எந்த முறையில், யாருடைய கண்காணிப்பில் போயின என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஹங்கேரி பெரும்பாலும் வெளிநாட்டவர் உட்பட வாங்குவோருக்கு நேரடியாக விற்றது. செக்கோஸ்லோவாக்கியாவும் ரஷ்யாவும் குடிமக்களுக்கு வவுச்சர்களை, அதாவது நிறுவனப் பங்குகளாக மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டுகளை, வழங்கின. ரஷ்யாவில் 1992 அக்டோபரில் தொடங்கிய அந்த வவுச்சர்கள் 10,000 ரூபிள் முகமதிப்பு கொண்டவை; பணவீக்கத்தின் நடுவே பலர் அவற்றை அற்ப விலைக்கு விற்றுவிட்டனர். இதைவிடக் கொடிது 1995இல் நடந்தது. சில வங்கிகள் அரசுக்குக் கடன் கொடுத்து, நோரில்ஸ்க் நிக்கல் உலோக நிறுவனம், யூகோஸ் எண்ணெய் நிறுவனம் போன்றவற்றின் பங்குகளை அடமானமாகப் பெற்றன. அரசு கடனைத் திருப்பவில்லை. பங்குகளை ஏலம் விடும் பொறுப்பும் அந்த வங்கிகளிடமே இருந்ததால், அப்பங்குகள் பெரும்பாலும் அவ்வங்கிகளைச் சார்ந்தவர்களிடமே போய்ச் சேர்ந்தன. இப்போது தாளின் இடப்பக்கத்தைப் பாருங்கள்: 1993 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடம் பீரங்கிகளால் சுடப்பட்டிருந்தது, டிசம்பரில் குடியரசுத் தலைவருக்குப் பேரதிகாரம் தரும் அரசமைப்பு வந்திருந்தது. தடுத்துக் கேட்கும் வலிமையுள்ள சபை இல்லாத இடத்தில்தான் நாட்டின் பெருஞ்செல்வம் கைமாறியது. போலந்திலோ பெரிய ஆலைகளின் விற்பனை மெதுவாகவே நடந்தது. புதிதாகத் தொடங்கப்பட்ட சிறு தொழில்களும் கடைகளுமே அந்நாட்டை நிமிர்த்தின. ஆகவே தனியார்மயத்தின் வேகத்தை மட்டும் வைத்து எந்த நாட்டுக்கும் மதிப்பெண் போட வேண்டாம்.

வேலையின்மை விகிதத்தையும் எச்சரிக்கையோடு படியுங்கள். 1990களின் முற்பகுதியில் போலந்தில் அது சுமார் 16 விழுக்காட்டை எட்டியது. ரஷ்யாவில் அதைவிட மிகக் குறைவாகவே பதிவாயிற்று. ஆனால் ரஷ்யத் தொழிலாளர்கள் பலர் பெயரளவில் வேலையில் இருந்துகொண்டே மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தவித்தனர். வீடும் குழந்தைகள் காப்பகமும் ஆலையோடு இணைந்திருந்ததால் அவர்களால் வேலையை விட்டு விலகவும் முடியவில்லை. எனவே மரணப் பதிவேடுகளையும் பாருங்கள்: ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் சுமார் 64 ஆண்டுகளாக இருந்து, 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. வளர்ச்சி வரைபடங்களில் இந்தத் துயரம் தெரியாது. போலந்திலும், அந்நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் கலைக்கப்பட்ட அரசுப் பண்ணைகளைச் சுற்றியிருந்த கிராமங்களின் நிலையைத் தனியே தேடிப் படிக்க வேண்டும்.

இறுதியாக, ஒத்த தொடக்கம் உடைய இரு நாடுகளை ஒப்பிடுங்கள். செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1 அன்று பிரிந்தபோது சட்டங்களும் முதல் சுற்று வவுச்சர் விற்பனையும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தன. பின்னர் ஸ்லோவாக்கியாவில் பிரதமர் மெச்சியாரின் அரசு இரண்டாம் சுற்றைக் கைவிட்டு, நிறுவனங்களைத் தனக்கு நெருக்கமானவர்களுக்கு விற்றது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பினராகச் சேர்வதற்கான முதல் கட்டப் பேச்சுக்குச் செக் குடியரசை அழைத்து, ஜனநாயகக் குறைகளைச் சுட்டி ஸ்லோவாக்கியாவை விட்டுவிட்டது. 1998 தேர்தலுக்குப் பின் அங்கு ஆட்சி மாறியது. 2004 மே 1 அன்று இரு நாடுகளும் ஒன்றாகவே ஒன்றியத்தில் சேர்ந்தன. அந்த ஆறு ஆண்டுகளில் எந்தச் சட்டங்கள் மாறின, எந்த விற்பனைகள் மறுபரிசீலனைக்கு வந்தன என்று உங்கள் தாளின் இரு பக்கங்களிலும் நிரப்பிப் பாருங்கள்.