பெக் பூசினால் துகள் மறைந்துவிடுமா? புராஜெக்ட் மாணவர்கள் செய்யும் தவறுகள்

மருந்து சுமக்கும் நானோ துகளின்மேல் பூசும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற சங்கிலி மூலக்கூறுதான் பெக். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி., எம்.பார்ம். புராஜெக்ட்டுக்கு நானோ துகளை எடுப்பவர்களின் அறிக்கையில் அடிக்கடி வரும் வரி இது: 'பெக் பூசியதால் துகள் நோயெதிர்ப்பு செல்களுக்குத் தெரியாது.' வைவாவில் முதலில் மாட்டுவதும் இதுதான்.

ரத்தத்தில் இறங்கியதும் துகள்மேல் புரதங்கள் ஒட்டும். அவற்றில் ஆப்சோனின் வகையை அடையாளம் வைத்தே கல்லீரலில் உள்ள நோயெதிர்ப்பு செல்களான குப்பர் செல்கள் துகளை விழுங்குகின்றன. பெக் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்து, புரதம் ஒட்டுவதைக் குறைக்கின்றன. குறைக்கின்றன, அவ்வளவுதான். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பெக் பூசிய புற்றுநோய் மருந்தான டாக்சிலின் அரை ஆயுள் மனித ரத்தத்தில் சுமார் 55 மணி நேரம்; அதிலும் பெரும்பங்கு கடைசியில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த்தான் சேர்கிறது. 'தாமதப்படுத்துகிறது' என்று எழுதினால் யாரும் மடக்க முடியாது.

அடுத்தது அடர்த்தி. சங்கிலிகள் அரிதாக இருந்தால் மடங்கிப் படுத்துவிடும், இடையில் துகளின் மேற்பரப்பு வெளியே தெரியும். நெருக்கமாக இருந்தால்தான் நிமிர்ந்து நின்று வழியை அடைக்கும். பலர் குடுவையில் எவ்வளவு பெக் போட்டோம் என்பதையே அடர்த்தியாக எழுதிவிடுகிறார்கள். ஒட்டியது எவ்வளவு என்பதுதானே கேள்வி? ஒட்டாததை நீக்க, நுண்துளைப் பையில் வைத்து டயாலிசிஸ் செய்வார்கள் சரி, ஆனால் 5,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பெக்கை 3,500 டால்டன் வரைதான் வெளியே விடும் பையில் போட்டால் அது எங்கே வெளியேறும்? எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் உள்ளேயேதான் கிடக்கும்.

துகளின் அளவைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. உப்புக் கரைசலிலும் சீரத்திலும் 37 டிகிரியில் வைத்துப் பாருங்கள். 200 நானோமீட்டரைத் தாண்டித் திரண்டுவிட்டால் மண்ணீரல் வடிகட்டிவிடும், பூச்சு காப்பாற்றாது. சேலத்துக்கோ பெங்களூருக்கோ மாதிரியை அனுப்பும்போது ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். டிரெஹலோஸ் மாதிரி ஒரு சர்க்கரை இல்லாமல் உறைந்தால், உருகிய பிறகு திரிந்த பால்போல ஆகிவிடலாம். அப்புறம் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரே ஒரு ஊசியோடு சோதனையை முடிப்பது இன்னொரு தவறு. பெக் பூசிய லிப்போசோமை (கொழுப்பாலான நுண்குமிழி) எலிக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுத்தால், பெக்குக்கு எதிரான ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் அதைச் சீக்கிரமே வெளியேற்றிவிடலாம். அழகுசாதனங்களிலும் மலமிளக்கிகளிலும் பெக் இருப்பதால், மருந்தே பார்க்காதவர்களிடமும் இந்த எதிர்ப்புப் பொருள் காணப்படுகிறது. பெக்குக்கு மாற்றாகப் பாலிசார்கோசின், பாலிஆக்சசோலின் போன்றவற்றை ஆராய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூச்சு கழலவே கூடாது என்ற எண்ணமும் சரியல்ல. 2018-ல் அனுமதி பெற்ற, கொழுப்புத் துகளில் வரும் ஆன்பட்ரோ என்ற மருந்தில் 14 கார்பன் கொண்ட குட்டையான லிப்பிடில் பெக்கைக் கட்டியிருப்பதே, ரத்தத்தில் அது உதிரட்டும் என்றுதான். உதிர்ந்தபின் ரத்தத்திலுள்ள அப்போ-ஈ புரதம் ஒட்டி, துகளைக் கல்லீரல் செல்லுக்குள் சேர்க்கிறது.