பழைய ஜீப்பை 2 இன்ச் தூக்குவது: மலிவு கிட்டைப் பூட்டும் முறை

மலிவு லிஃப்ட் கிட் பெட்டிக்குள் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: முன் காயில் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்க 2 இன்ச் பாலியூரித்தேன் ஸ்பேசர் இரண்டு, பின் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) சேர்க்க ஒரு ஜோடி கூடுதல் லீஃப், புது சென்டர் போல்ட், யூ போல்ட் நான்கு, சற்று நீளமான ஷாக் அப்சார்பர் நான்கு. ஷாக் இல்லாத கிட் இன்னும் மலிவாக வரும், அதை விட்டுவிடுங்கள். வண்டி 50 மி.மீ. உயர்ந்தபின் பழைய ஷாக் குட்டையாகிவிடும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது முழு நீளத்துக்கு இழுபட்டு 'டக்'கென்று அடிக்கும், சீக்கிரமே சீல் போய் எண்ணெய் கசியும்.

இங்கே சொல்வது முன்னால் காயில், பின்னால் பட்டை, இரண்டு பக்கமும் முழு ஆக்சில் உள்ள வண்டிக்கு. ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே (1984–2001) இந்த ரகம்.

தூக்குமுன் அளவு எடுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பழைய வண்டியின் பட்டை ஏற்கெனவே தொய்ந்திருக்கும். நான்கு மூலையும் ஒரே அளவு காட்டாது. பட்டை தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ போயிருந்தால் கூடுதல் லீஃப் போட்டும் பயனில்லை, புதுப் பட்டையே போட வேண்டும்.

கையோடு ஸ்டீரிங் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், டிராக் பார் (முன் ஆக்சிலைச் சேஸோடு குறுக்காகப் பிணைக்கும் கம்பி) புஷ் எல்லாவற்றையும் ஒருவரை ஸ்டீரிங்கை இடவலமாக ஆட்டச் சொல்லிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதல் செலவு அங்கேதான். தேய்ந்த புஷ்ஷோடு உயர்த்திய வண்டி, வேகத்தில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் முழுக்க வெடவெடவென்று உதறும். ஸ்டீரிங் டேம்பர் போட்டால் அந்த உதறல் மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

துருப்பிடித்த போல்ட்

இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான். மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். ஆறு முனை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் துருவேறிய தலையை உருட்டிவிடும். பின் ஷாக்கின் மேல் போல்ட்தான் ஆபத்தானது, ஏனென்றால் அதன் நட் பாடிக்குள் வெல்டு செய்யப்பட்டிருக்கும். கால் சுற்று தளர்த்தி, அரை அளவு திரும்ப முடுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக எடுங்கள். ஒரே இழுப்பில் கழற்றப் பார்த்தால் தலை கையோடு வந்துவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பட்டையின் முன் கண் போல்ட்டும் புஷ்ஷின் உள் குழாயோடு சேர்ந்து இறுகியிருக்கும். புஷ் மாற்றாதவரை அதைத் தொடாதீர்கள்.

பின்பக்கம்

முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அல்ல, சேஸுக்கு அடியில் கொடுங்கள். ஆக்சில் இறங்கி ஏற வேண்டும், அதைத் தனி ஜாக்கி தாங்கட்டும். ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கம் போனால் ஆக்சில் இடம் மாறாது.

ஷாக்கைக் கழற்றி, யூ போல்ட்டை எடுத்து, ஆக்சிலை மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒரு கண் வையுங்கள். சென்டர் போல்ட்டின் இருபுறமும் ஒவ்வொரு சி கிளாம்ப் இறுக்கியபிறகே நட்டைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பட்டைக்கட்டு தெறித்து விரியும். கூடுதல் லீஃபை அதன் நீளத்துக்கேற்ற வரிசையில் சொருகி, புது சென்டர் போல்ட் போட்டு, கிளாம்ப்பை மாறி மாறி இறுக்கி ஒன்று சேருங்கள். முழு நீள லீஃப் கிடைத்தால் அதையே எடுங்கள். குட்டை லீஃப் சுமையை நடுவிலேயே குவிக்கும், வண்டி கல்லாக ஓடும்.

சென்டர் போல்ட் தலை ஆக்சில் இருக்கையின் துளையில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய யூ போல்ட் ஒருமுறை இறுக்கத்தில் நீண்டுபோனது, திரும்பப் போடக்கூடாது. புதியதைக் குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்குங்கள்.

நீள ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) உள்ள கிட் என்றால் கணக்கு வேறு: ஷேக்கிள் கூடும் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 1 இன்ச் உயர 2 இன்ச் நீளம் வேண்டும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது பின் ஆக்சிலுக்கு மட்டும், அதுவும் ஒரே கட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். முன் பட்டையில் கட்டையே கூடாது.

முன்பக்கம்

ஷாக், ஆன்டி ரோல் பார் லிங்க், டிராக் பாரின் ஆக்சில் முனை ஆகியவற்றைக் கழற்றி ஆக்சிலை இறக்கினால் காயில் தளர்ந்து கையில் வரும். கீழே பிடித்திருக்கும் கிளிப்பை முதலில் எடுங்கள். ஸ்பேசரை மேலே வைத்து, காயிலின் வெட்டு முனை கீழ் இருக்கையின் தடுப்பில் முட்டும்படி திருப்பி வையுங்கள்.

பிரச்சினை டிராக் பாரில்தான். வண்டி உயர்ந்தால் பார் மேலும் சாயும், அதன் கிடைநீளம் குறையும், ஆக்சில் பார் சேஸில் பூட்டியிருக்கும் பக்கமாக நகரும். கிடையாக 800 மி.மீ., செங்குத்தாக 100 மி.மீ. இறக்கம் உள்ள பாரில் இறக்கம் 150 மி.மீ. ஆனால் நகர்வு கிட்டத்தட்ட 8 மி.மீ. சரிசெய்யும் நீளமுள்ள பார் போடுங்கள், இல்லையேல் ஒரு பக்க டயர் வெளியே தெரியும், ஸ்டீரிங் வீலும் நடுவில் நிற்காது. ஸ்டீரிங் வீலை டிராக் லிங்க்கில் (drag link, ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி; டிராக் பார் வேறு) நேராக்கிக்கொள்ளலாம்.

இறுக்கும் நேரம்

ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். உள் குழாய் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும், உயரமும் தவறாகத் தெரியும். கையிறுக்கமாக விட்டு, நான்கு சக்கரத்திலும் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டிய பிறகு டார்க் கொடுங்கள்.

ஓட்டுமுன்

ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் திருப்பி பிரேக் ஹோஸைப் பாருங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் நீள ஹோஸ் மாற்றுங்கள், அல்லது பிராக்கெட்டைக் கீழே இறக்குங்கள். பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த பிரேக் அழுத்த வால்வு இருந்தால், உயர்ந்த பாடியை அது 'காலி வண்டி' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியின் ஆக்சில் பக்கப் பிராக்கெட்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும்.

பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் சாதா கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) என்றால் இரண்டு கோணமும் 1 டிகிரிக்குள் சமமாக இருக்கட்டும். வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு வந்தால் அங்கே பாருங்கள். ஸ்டீரிங் திருப்பியபின் தானாகத் திரும்பி வரவில்லை, நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது என்றால் காஸ்டர் (ஸ்டீரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்திருக்கிறது, அலைன்மென்ட்டில் அதை அளக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டையும் இறக்குங்கள், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். யூ போல்ட்டை 100 கி.மீ.யில் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை திரும்ப டார்க் பாருங்கள். புதுப் பட்டைக்கட்டு அமரும்போது முதல் சோதனையில் கொஞ்சம் தளர்ந்திருப்பது சகஜம்.